வெள்ளம் புகுந்த வீடு: சரிசெய்து விற்பதா, இருக்கிறபடியே கொடுத்துவிடுவதா?

தார்சா வீடு

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை கேட்கிறேன். திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் எங்கள் அப்பா வழி வீடு. ஆற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் அதிக தூரம் கிடையாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் பட்டாசாலில் (நடு ஹாலில்) நாலடிக்குத் தண்ணீர் நின்றது. முன்பகுதி தாத்தா கட்டியது. ஒன்றரைக்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மேலே பனங்கட்டை உத்திரம் போட்ட மட்டப்பா, அதாவது தட்டைக் கூரை. பின்னால் அடுக்களையும் இரண்டு அறைகளும் 1996-இல் அப்பா சேர்த்தது, கான்கிரீட். இடம் மொத்தம் நாலு சென்ட்.

தண்ணீர் வடிந்த கையோடு ஒரு ஒப்பந்தக்காரர் வந்தார். கீழே ஊறிப்போன பூச்சைக் கொத்திவிட்டு நெஞ்சு உயரத்துக்கு சிமெண்ட் பூசினார், பட்டி வைத்தார், எமல்ஷன் அடித்தார், பொங்கலுக்குள் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஐப்பசிக்குள் எல்லாம் பல்லிளித்துவிட்டது. பெயிண்ட் அப்பளம் மாதிரி பொங்கி நிற்கிறது. கையை வைத்தால் வெள்ளை மாவு கொட்டுகிறது. ஆளைக் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

அப்பா இப்போது இல்லை. அம்மா கோவில்பட்டியில் தங்கச்சி வீட்டில். அண்ணன் மஸ்கட்டில். யாரும் அங்கே போய்க் குடியிருக்கப் போவதில்லை என்பதால் விற்றுவிடலாம் என்று பேசியிருக்கிறோம். இருக்கிற நிலையில் ஒருவர் 36 லட்சத்துக்குக் கேட்கிறார். இன்னொரு பொறியாளர் 9 லட்சம் செலவழித்துப் புதுசாக்கினால் 48 வரை போகும் என்கிறார். அண்ணனுக்கு 9 லட்சம் போடவும் மனசில்லை, 36-க்குக் கொடுக்கவும் மனசில்லை. என்ன செய்யலாம்?

ஜங்ஷன்காரன்

36-க்குக் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள். ஆற்றங்கரை வீட்டில் போடுகிற காசு ஆற்றோடுதான்.

கரண்டி மேஸ்திரி

விலையை அப்புறம் பேசலாம். தம்பி, ஒரு விஷயம் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். உப்பு எந்த உயரத்தில் பூத்திருக்கிறது? புதுப் பூச்சு முடிகிற கோட்டுக்குச் சற்று மேலேயா, கீழேயா?

தார்சா வீடு

இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். முன்பகுதியில் புதுப் பூச்சுக்கு மேலே, பழைய காரையில், ஒரு முழம் அகலத்துக்குப் பட்டையாகப் பூத்திருக்கிறது. வெள்ளத் தண்ணீர் தொடாத உயரம் அது. பின்னறைகளில் மட்டும் புதுப் பூச்சிலேயே பட்டி உரிகிறது.

கரண்டி மேஸ்திரி

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். சுவர் இன்னும் காயவில்லை.

பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் தண்ணீரை நன்றாகக் குடிக்கும், விட்டால் அதே வழியாக வெளியேயும் விடும். ஒரு அங்குலச் சுவர் காய ஒரு மாதம் என்று எங்கள் கையில் ஒரு கணக்கு உண்டு. உங்கள் முன்சுவர் பதிமூன்று அங்குலத்துக்குக் குறையாது. ஒரு வருஷம் ஆறப்போட வேண்டிய சுவருக்கு ஒரு மாதத்தில் இரண்டு பக்கமும் சிமெண்ட் அப்பி, பட்டி வைத்து, எமல்ஷன் அடித்து மூடிவிட்டார்கள். உள்ளே கிடக்கிற தண்ணீர் எங்கே போகும்? மேலே ஏறி, சிமெண்ட் முடிகிற இடத்தில், மூச்சு விட இடம் கிடைத்த பழைய காரை வழியாக வெளியே வருகிறது. வரும்போது கூடவே உப்பையும் கொண்டு வருகிறது. தண்ணீர் காற்றில் போய்விடும், உப்பு அங்கேயே தங்கி உறையும். உறையும்போது விரிந்து பெயிண்டைத் தள்ளும்.

போதாக்குறைக்கு அந்தக் காலத்து வீடுகளில் கடைக்காலுக்கு (அஸ்திவாரத்துக்கு) மேலே ஓதத்தை, அதாவது மண்ணிலிருந்து ஏறுகிற ஈரத்தை, தடுக்கிற பட்டை கிடையாது. ஆற்றங்கரை மண்ணிலிருந்து எப்போதுமே கொஞ்சம் ஓதம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். தாத்தா காலத்தில் அது தெரியாமல் இருந்ததற்குக் காரணம் சுண்ணாம்பு.

நான் என்றால் செய்வது இது. முன்பகுதியில் பூசிய சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுங்கள். உப்பு பூத்த இடத்துக்கு மேலே இன்னும் ஒரு அடி வரை பழைய காரையையும் எடுங்கள். செங்கல் இடுக்கில் உதிர்கிற சாந்தை அரை அங்குலம் சுரண்டிவிடுங்கள். உப்பைக் கழுவவே கூடாது, கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுந்த மாவைப் பெருக்கி அள்ளி வெளியே கொட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி பூக்கும். மறுபடி தேயுங்கள். சித்திரை வைகாசி வெயிலும் அதற்கப்புறம் வருகிற ஆனி ஆடிக் காற்றும் நமக்குச் சும்மா கிடைக்கிற மிஷின். ஜன்னலையும் புறவாசலையும் திறந்து வையுங்கள். அவ்வளவும் முடிந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை. பட்டி வேண்டாம், எமல்ஷன் வேண்டாம்.

காய்ந்ததா என்று பார்க்க ஒன்றரை அடி சதுரத்துக்கு பாலிதீன் தாளை எடுத்து, நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

நிலம் வீடு மனை

ஏன் வே இவ்வளவு பாடு? நான் வீட்டுத் தரகில் ரொம்ப காலமாக இருக்கிறவன். சுவரில் அஞ்சடிக்கு டைல்ஸ் ஒட்டு, மேலே ஒரு பெயிண்ட், வாசலில் ரெண்டு தொட்டியில் செடி. வெளியூர்க்காரன் வந்து பார்த்தால் பத்து நிமிஷத்தில் பிடித்துப்போகும். உப்பு வெளியே வருவதற்குள் பத்திரம் முடிந்துவிடும்.

கரண்டி மேஸ்திரி

அண்ணாச்சி, அஞ்சடிக்கு டைல்ஸ் ஒட்டினால் ஓதம் ஏழடிக்கு ஏறும். அங்கே பனங்கட்டை உத்திரத்தின் நுனி சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறது. அது உளுத்தால் மட்டப்பா இறங்கும். வாங்குகிறவன் பிள்ளை குட்டியோடு வந்து கீழே படுப்பான். அதையும் கொஞ்சம் நினைக்கணும்.

தார்சா தம்பி, அந்த உத்திர நுனிகளைக் கட்டாயம் பாருங்கள். கூரான கம்பியால் குத்தினால் நல்ல பனை முனையைக்கூட உள்ளே விடாது. சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றத்தான் வேண்டும்.

ஏரல் அக்கா

தரகர் அண்ணாச்சி சொல்வதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் ஏரல். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த டிசம்பர் 17, 18-இல் எங்கள் ஊர்க் கடைவீதி என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். ஆற்றுப் பாலமும் உடைந்தது. அதற்கப்புறம் பாளையங்கோட்டைப் பக்கம் வீடு வாங்கலாம் என்று நானும் வீட்டுக்காரரும் ஏறி இறங்காத வாசல் இல்லை. ஆகவே வாங்குகிறவள் கண்ணால் சொல்கிறேன்.

நான் பெயிண்டைப் பார்ப்பதே இல்லை. உள்ளே போனதும் கீழே இருக்கிற பிளக் பாயிண்டின் மூடியைத் திருகிக் கழற்றச் சொல்வேன். பெட்டிக்குள் பழுப்பு வண்டல் படிந்திருந்தால் தண்ணீர் வந்த வீடு. அதற்கப்புறம் அலமாரிக் கதவின் அடிவிளிம்பு, கட்டில் கால், கதவு நிலையின் கீழ்ச்சாண், கழிவறைக் கதவு. பிளைவுட் உப்பியிருந்தால் மறைக்கவே முடியாது. பிறகு பக்கத்து வீட்டு ஆச்சியிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "வெள்ளத்தப்போ எதுவரை வந்துச்சு?" என்பேன். ஆச்சி தன் வீட்டுச் சுவரைக் காட்டிச் சொல்லிவிடுவாள். ஊரே சாட்சியாக இருக்கும்போது டைல்ஸ் எதை மறைக்கும்?

ஒரு வீட்டில் மட்டும் வீட்டுக்காரர் அவராகவே தண்ணீர்க் கோட்டைக் காட்டினார், செய்த வேலையைச் சொன்னார், படங்களையும் காட்டினார். விலை ஒத்துவரவில்லை என்பதால் அதை வாங்கவில்லை. ஆனால் அந்த மனிதர் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட நாங்கள் சந்தேகப்படவில்லை.

பாளை கரண்ட்

அக்கா சொன்ன அந்த பிளக் பெட்டியில்தான் என் வேலையும் ஆரம்பிக்கிறது. தார்சா அண்ணே, ஒப்பந்தக்காரர் வயரிங்கைத் தொட்டாரா?

தார்சா வீடு

சுவிட்சு மட்டும் மாற்றியதாகச் சொன்னார். லைட் எல்லாம் எரிகிறது.

பாளை கரண்ட்

எரிவது ஒரு அத்தாட்சியே இல்லை. நாலடித் தண்ணீர் என்றால் கீழ் பிளக்குகள் முழுக்க மூழ்கியிருக்கும், சுவிட்சு போர்டுகளும் பாதி நனைந்திருக்கும். மேலிருந்து இறங்குகிற வயர்க் குழாயில் தண்ணீர் ஓரளவு வடிந்துவிடும். தரைக்குள் ஓடுகிற குழாயில்தான் சகதியோடு தேங்கிக் கிடக்கும். மோட்டாருக்குப் போகிற லைன் பெரும்பாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

லைசென்ஸ் உள்ள ஒரு ஆளை வைத்து மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு மெகஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை உருவிவிட்டுப் புதிதாக இழுங்கள். நனைந்த எம்சிபி, ஃபியூஸ் கட்டை, இரும்புப் பெட்டி எதையும் காயவைத்துப் போடக்கூடாது, மாற்றவே வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று கண்டிப்பாகப் போடுங்கள். ஓதம் ஏறிய சுவரில் கரண்ட் கசிவு இருந்தால் ஆளைக் காப்பாற்றுவது அதுதான். எர்த் குழியையும் சோதித்துவிடுங்கள். புதிதாக வைக்கிற பிளக்கை எல்லாம் வெள்ளக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். பார்க்கச் சற்று விகாரமாக இருக்கும், பரவாயில்லை. வாங்க வருகிறவர் ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்பார், நீங்களும் காரணத்தைச் சொல்லலாம்.

நிலம் வீடு மனை

எல்லோரும் சேர்ந்து என்னை வில்லனாக்கிவிட்டீர்கள், சரி. இனி வியாபாரம் பேசுவோம். மீனாட்சிபுரத்தில் நாலு சென்ட் என்றால் கேட்கிறவன் இடத்துக்குத்தான் விலை போடுவான், பழைய கட்டடத்துக்குப் பெரிதாகப் போடமாட்டான். 36 கேட்ட ஆள் இடித்துவிட்டுக் கட்டுகிறவனாக இருக்கும். அவனுக்கு உங்கள் டைல்ஸும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். ஜங்ஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருக்க வீடு தேடுகிறவன் வேறு ரக வாடிக்கை. அவனுக்கு உடனே பால் காய்ச்ச வேண்டும். எந்த ஆளுக்கு விற்கிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள். அதற்கப்புறம் சுவரைக் கொத்துங்கள்.

இன்னொன்று, 1992 வெள்ளத்துக்கு அப்புறமும் இதே பேச்சுதான், ஆற்றங்கரை இனிமேல் விலை போகாது என்று. கொஞ்ச வருஷத்தில் எல்லாம் மறந்துபோய் விலை ஏறியது. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்காத வருஷம் எத்தனை? அதற்காகச் சாமி கும்பிடுவதை யார் நிறுத்தினார்கள்?

கிணற்றடி

குறுக்கே வருகிறேன். செப்டிக் டேங்க்கை யாரும் பேசவில்லையே. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது டேங்க்கையோ சம்ப்பையோ ஒட்ட உறிஞ்சினால், காலியான தொட்டியைச் சுற்றியிருக்கிற தண்ணீர் தூக்கிவிடும், அல்லது பக்கச் சுவர் உள்ளே வாங்கிவிடும். கோடையில் செய்யுங்கள். சம்ப்பை வண்டல் போகக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் நிரப்புங்கள். கிணறு இருந்தால் அதற்கும் இதே வைத்தியம்தான்.

தார்சா வீடு

எல்லோருக்கும் நன்றி. தரகர் அண்ணாச்சி சொன்னது யோசிக்க வைத்தது. 36 கேட்டவரிடம் போனில் பேசினேன், இடிக்கத்தான் கேட்கிறாராம்.

9 லட்சம் மதிப்பீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் மாடுலர் அடுக்களை, ஃபால்ஸ் சீலிங், ஹால் முழுக்க விட்ரிஃபைட் டைல்ஸ், சுவருக்கு பிவிசி பேனல். ஓதத்துக்கு என்று ஒரு வரிகூட இல்லை! வயரிங்குக்கு "பழுது பார்த்தல்" என்று போட்டிருக்கிறார்கள். உத்திரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சுவர், கரண்ட், செப்டிக், உத்திரம் மட்டும் செய்வோம், அழகுக்கு ஒன்றும் வேண்டாம். அவன் முணுமுணுத்தான். ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால் வட்டி என்னாவது என்கிறான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கரண்டி மேஸ்திரி

நல்லது. பின்பக்கக் கான்கிரீட் அறைகளுக்குச் சுண்ணாம்பு தேவையில்லை. அங்கே சிமெண்ட் பூச்சே இருக்கட்டும், பட்டியை மட்டும் சுரண்டிவிட்டுக் காயவிடுங்கள். பழசும் புதுசும் சேர்கிற இடத்தில் விரிசல் இருக்கிறதா? வெள்ளம் மண்ணை அரித்திருந்தால் முதலில் அங்கேதான் காட்டும். விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதிவிடுங்கள். கண்ணாடி உடையாமல் இருந்தால் பழைய விரிசல், அடைத்துவிட்டுப் போகலாம். உடைந்தால் கடைக்கால் இன்னும் இறங்குகிறது. அப்படியானால் ஒரு ஸ்ட்ரக்சுரல் பொறியாளரைக் கூட்டி வராமல் ஒரு செங்கல்லைக்கூடத் தொடாதீர்கள்.

பத்திர மேசை

வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். டைல்ஸ் யோசனைக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு. விற்கிறவருக்குத் தெரிந்து, வாங்குகிறவருக்குத் தெரியாத, சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை எதுவாக இருந்தாலும் விற்கிறவர் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அந்தப் பிரிவே சொல்கிறது. டைல்ஸ் ஒட்டி மறைத்த ஓதம் இதற்குள் வராது என்று வாதாட எந்த வக்கீலுக்கும் கஷ்டம்தான். ஆகவே கிரய ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தி எழுதுங்கள்: 2023 டிசம்பரில் இவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது, இன்னின்ன வேலை செய்யப்பட்டது, வாங்குகிறவர் நேரில் பார்த்துத் திருப்தியடைந்தார். இது அவரைவிட உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

அப்பா இல்லை என்று எழுதியதால் கேட்கிறேன். பட்டா யார் பேரில் இருக்கிறது? வாரிசுச் சான்றிதழ் வாங்கியாயிற்றா? அம்மாவும் மூன்று பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டும். தாய்ப்பத்திரம் வெள்ளத்தில் நனைந்து எழுத்து அழிந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் போட்டு வாங்கலாம். வில்லங்கச் சான்றையும் இப்போதே எடுத்துவிடுங்கள். ஆற்றுப் பக்கம் என்பதால் புல வரைபடத்தையும் ஒரு தடவை பாருங்கள். பின்வாசல் படிக்கட்டு புறம்போக்கில் இருந்தால் வாங்குகிறவருக்கு வங்கிக் கடன் கிடைக்காது, வியாபாரம் அங்கேயே முறியும்.

வாங்குகிறவருக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் போகும். அதையும் மனதில் வைத்துத்தான் அவர் விலை பேசுவார்.

கணக்குப்பிள்ளை

வரி பக்கம் இரண்டு வரி. வீடு 2001 ஏப்ரலுக்கு முன்னால் உள்ளது என்பதால் 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. 2024 ஜூலை 23-க்கு முன்னால் வந்த சொத்து என்பதால், உள்நாட்டில் இருக்கிறவர்களுக்கு லாபத்தில் 12.5 சதவீதம் நேராகவோ, பணவீக்கக் கணக்குப் போட்டு 20 சதவீதமோ, எது குறைவோ அது. மஸ்கட் அண்ணன் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் அந்தச் சலுகை இல்லை, அவர் பங்குக்கு வாங்குகிறவரே வரி பிடித்துக் கட்டவும் வேண்டும். இதை மறைத்தால் கடைசி நேரத்தில் சண்டை வரும். பில்களைப் பத்திரமாக வையுங்கள். உத்திரம் மாற்றியது, புது வயரிங் போன்றவற்றை மேம்பாட்டுச் செலவாகக் காட்ட வழி உண்டு. வெள்ளையடித்ததைக் காட்டமுடியாது.

ஏரல் அக்கா

சுவரைக் கொத்தும்போது போட்டோ எடுத்து வையுங்கள் தம்பி. ஒவ்வொரு சுவரையும் கொத்துவதற்கு முன்னால், கொத்திய பின், பூசிய பின். ஒரு ஃபைலில் போட்டுப் பட்டாசாலிலேயே வைத்துவிடுங்கள். வீடு பார்க்க வருகிற பொம்பிளைகள் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

தார்சா வீடு

ஆடி முடிந்து எழுதுகிறேன். வேலை ஒருவழியாக முடிந்தது. சிமெண்டைக் கொத்தியபோது அடியில் செங்கல் கருத்து, கை வைத்தால் குளிர்ந்து கிடந்தது. இரண்டு உத்திர நுனிகளில் கம்பி வெண்ணெயாக இறங்கியது, அவற்றை மாற்றினோம். கண்ணாடித் துண்டு உடையவில்லை. பாலிதீன் தாள் சித்திரையில் வியர்த்தது, ஆடிக் காற்றுக்குப் பிறகு வியர்க்கவில்லை. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைப் பிடிப்பதுதான் பெரிய பாடாகப் போய்விட்டது. கடைசியில் சேரன்மகாதேவிப் பக்கமிருந்து வயசான ஒருவர் வந்தார். அவர் கூட வந்த பையன்களுக்கு வேலை கற்றுக்கொடுத்துக்கொண்டே பூசினார், கேட்க ஆசையாக இருந்தது.

செலவு மூன்றே கால் லட்சம். 45 சொன்னோம். தூத்துக்குடியில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி, பையன் படிப்புக்காக இங்கே வருகிறார்கள். கூடவே அவர்கள் ஊர் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஃபைலைப் புரட்டினார்கள். அந்த அம்மா நேராகப் போய் பிளக் மூடியைக் கழற்றச் சொன்னார்! ஏரல் அக்கா, உங்களைத்தான் நினைத்தேன். 42½-க்கு முடிந்தது. வெள்ளப் பத்தியோடு ஒப்பந்தம் எழுதி அட்வான்ஸ் வாங்கியாயிற்று. அண்ணன் இன்னும் 45 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஜங்ஷன்காரன்

சரி, 36-ஐ நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நிலம் வீடு மனை

என்னிடம் கொடுத்திருந்தால் 44-க்கு முடித்திருப்பேன். கமிஷன் போகக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் வே.

தார்சா வீடு

பத்திர மேசை அண்ணாச்சி, கடைசியாக ஒன்று. அண்ணனுக்குப் பத்திரப் பதிவுக்கு வர லீவு கிடைக்காது போலிருக்கிறது. தங்கச்சி பேரில் பவர் கொடுக்கலாமா?

பத்திர மேசை

கொடுக்கலாம். மஸ்கட் இந்தியத் தூதரகத்தில் நேரில் போய்க் கையெழுத்திட்டு அத்தாட்சி வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பொதுவான பவர் வேண்டாம். இந்தச் சொத்து, இந்தக் கிரயம், இன்ன விலை என்று சர்வே எண்ணோடு குறித்து எழுதச் சொல்லுங்கள். விலையை 42½ என்றே எழுதச் சொல்லுங்கள், அங்கே போய் 45 என்று எழுதிவிடப் போகிறார்.